மட்டக்களப்பு வெயிலில் பழைய எம்.எக்ஸ்-5: ரேடியேற்றர் வாங்கிப் பூட்டப் போகிறவர்களுக்கு

மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில், அவற்றுக்குச் சற்று இப்பால், வீதியோரத்து மருத மர நிழலில் என் காரும் ஒரு வெந்நீர்க் கிணறாகி நின்றது. 1990களின் மஸ்டா எம்.எக்ஸ்-5, என்.ஏ எனும் முதல் தலைமுறை வகை, 1.6 லீற்றர் எஞ்சின், கை கியர். பொனற்றைத் தூக்கினால் ரேடியேற்றரின் மேல் டாங்கி ஓரத்தில் மயிரிழை அளவு வெடிப்பு, அதிலிருந்து ஆவி. கார் லொறியில் ஏறி வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான் இரண்டு ரேடியேற்றர் வாங்கினேன். ஒன்று போதும். முதலாவதை ஏன் விற்றேன், இரண்டாவதை எப்படித் தெரிவு செய்தேன், என்ன கடதாசி கேட்டார்கள், எவ்வளவு முடிந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களிடம் செலிக்காவோ பழைய சிவிக்கோ ஆர்.எக்ஸ்-8ஓ இருந்தாலும் வேலையின் ஒழுங்கு இதுதான். அளவுகளும் போல்ட் இடங்களும் மட்டும் மாறும்.

1. ரேடியேற்றர்தான் குற்றவாளியா என்று முதலில் பாருங்கள்

வெடித்த டாங்கி கண்ணுக்குத் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் “ஹீட் ஆகுது” என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றரை இலட்சம் ரூபாவை எடுத்து வைக்காதீர்கள். கார் எப்போது சூடாகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். நிற்கும்போது சூடாகி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். நிற்கும்போது நன்றாக இருந்து, வாழைச்சேனைப் பக்கம் நீண்ட நேர் வீதியில் ஓடும்போது ஏறினால் ரேடியேற்றர் உள்ளே அடைபட்டிருக்கலாம், அல்லது முன்பக்க அடித்தட்டு காணாமல் போயிருக்கலாம். அந்தத் தட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஃபேனைச் சோதிக்க என்.ஏ வகையில் ஒரு சுலப வழி உண்டு. எஞ்சின் அறையில் மூடியில் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும். திறந்தால் ஒவ்வொரு துளைக்கும் பெயர் போட்டிருக்கும். சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி, டி.எஃப்.ஏ என்ற துளையையும் ஜி.என்.டி என்ற துளையையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். ஃபேன் உடனே சுழல வேண்டும். சுழன்றால் மோட்டரும் ரிலேயும் சரி, சந்தேகம் வெப்ப சுவிட்ச் மீதுதான். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டர் என்ற வரிசையில் போங்கள்.

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வை) கழற்றி, அடுப்பில் வைத்த சட்டித் தண்ணீரில் வெப்பமானியோடு போட்டுப் பாருங்கள். 88 பாகை அளவில் திறக்கத் தொடங்க வேண்டும். என்னுடையது 95 தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் நல்ல சட்டியை எடுக்காதீர்கள், அந்தச் சண்டை தனி.

ரேடியேற்றர் மூடியையும் பாருங்கள். பழைய மூடியின் ரப்பர் கல்லாகியிருக்கும். இந்தக் காருக்கு 0.9 பார் அளவு மூடி போதும். அந்த அமுக்கத்தில் வெறும் தண்ணீர்கூட 119 பாகை அளவில்தான் கொதிக்கும். மூடி பிடிக்காவிட்டால் 100இலேயே கொதித்துவிடும். 2,700 ரூபா மூடியை மாற்றாமல் ரேடியேற்றரைப் பழி சொல்பவர்கள் நம்மில் அதிகம். கூடுதல் பார் உள்ள மூடி போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். முப்பது வருட ஹோஸும் ஹீட்டர் கோரும் அதைத் தாங்காது.

கடைசியாக ஹெட் காஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளொக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரை ஏற்றும்போது கழுத்துக்குள் குமிழி நிற்காமல் வந்தால், எண்ணெய் மூடிக்குள் பால்தேநீர் நிறத்தில் படிவு இருந்தால், புது ரேடியேற்றர் உங்களைக் காப்பாற்றாது. அந்தப் பணத்தை ஹெட் வேலைக்கு வையுங்கள்.

2. எந்த வகை

கொம்பனி ரேடியேற்றருக்கு அலுமினியக் கோர் (தண்ணீர் ஓடும் குழாய்களும் மெல்லிய ஃபின் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி), பிளாஸ்டிக் டாங்கி. அந்த டாங்கி புதிதில் கறுப்பு. வயதாக ஆக மண்ணிறமும் பச்சையும் கலந்த ஒரு சாம்பல் நிறத்துக்கு வரும். அந்த நிறம் கண்டால் நாள் எண்ணத் தொடங்கலாம். இதைப் பற்றவைக்க முடியாது. பழைய பித்தளை ரேடியேற்றரை ஈயம் வைத்து ஒட்டிய கைகள் நமது ஊரில் இன்னும் இருக்கின்றன. ஆனால் பிளாஸ்டிக்கில் அவர்களுக்கு வேலையில்லை. எப்பொக்சி பூசினால் ஒரு பயணம் தாங்கும்.

உங்கள் முன் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அதே மாதிரியான பிளாஸ்டிக் டாங்கி மாற்று ரேடியேற்றர். மலிவு. தினமும் வேலைக்குப் போய்வர மட்டும் கார் என்றால் இது போதும், நான் வெட்கமில்லாமல் சொல்வேன். இரண்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ரீகண்டிஷன், அதாவது பாவித்த சாமான். உங்களுடையதன் வயதே அதற்கும் இருக்கும் என்பதால் நான் தொடவில்லை. மூன்று, முழு அலுமினிய ரேடியேற்றர். கோயோராட், மிஷிமோட்டோ, சி.எஸ்.எஃப் மூன்றும் இந்தக் காருக்கென்று செய்கின்றன.

மூன்றாவது வழியில் போகிறவர்கள் விழும் குழி தடிப்பு. நானும் விழுந்தேன். நாட்டுக்குள்ளேயே ஒருவர் 52 மில்லிமீற்றர் கோர் உள்ள ஒன்றை 68,000 ரூபாவுக்குத் தந்தார். “ரேஸ் கார்ல போடுறது, தடிப்பு கூடினாக் குளிரும் கூடும்” என்றார். பூட்டப் போனால் ஃபேன் கவர் எஞ்சினின் முன்பக்க புலியில் (பெல்ட் ஓடும் சக்கரத்தில்) முட்டியது. கவரைக் கழற்றிவிட்டு மெல்லிய ஃபேன் ஒன்றை நேரடியாகக் கோரில் கட்டி ஓடிப் பார்த்தேன். பாசிக்குடா வீதியில் அருமை. சனிக்கிழமை மாலை கல்லடிப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தபோது முள் ஏறிக்கொண்டே போனது.

காரணம் எளிது. வேகமாக ஓடும்போது காற்று தானாகவே கோருக்குள் புகும். நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். தடித்த கோர் காற்றை மறிக்கும், அதற்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர் வேறு மறிக்கிறது. கவரில்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியிலிருந்து மட்டும் இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். நாம் மணிக்கு இருபது கிலோமீற்றரில் ஊர்பவர்கள். நமக்கு வேண்டியது நடுத்தரத் தடிப்புள்ள கோரும், கோரை முழுதாக மூடும் கவரும், ஆரோக்கியமான ஃபேன் மோட்டரும்தான். நான் இரண்டாவதாக எடுத்தது 36 மில்லிமீற்றர். கொம்பனி ஃபேன் இரண்டும் கவரோடு அப்படியே அதில் உட்கார்ந்தன.

இன்னொன்றையும் கேளுங்கள்: ஃபின் எவ்வளவு நெருக்கம்? நெருக்கம் கூடினால் வெப்பம் வெளியேற இடம் கூடும், உண்மைதான். ஆனால் அறுவடைக் காலத்தில் அம்பாறை வீதிகளில் நெல் காயப்போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதர் முழுவதும் ஃபினுக்குள்தான் போகும். நெருக்கமான ஃபினில் புகுந்த பதரை எடுக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

3. வாங்குமுன் அளவெடுங்கள்

விளம்பரத்தில் ‘எம்.எக்ஸ்-5க்குப் பொருந்தும்’ என்று இருப்பது போதாது. கை கியரா ஓட்டோவா என்று முதலில் பாருங்கள். ஓட்டோ காரின் ரேடியேற்றரில் கியர் எண்ணெய் குளிர்விக்க இரண்டு குழாய் வாய்கள் கூடுதலாக இருக்கும். கை கியர் காருக்கான ரேடியேற்றரை ஓட்டோ காரில் போட்டால் அந்த எண்ணெய் போக வழியில்லை.

பிறகு டேப்பை எடுங்கள். ரேடியேற்றரின் பின்முகத்திலிருந்து எஞ்சினின் முன் புலி வரைக்கும் எவ்வளவு இடம்? ஃபேன் மோட்டரின் பின்புறம் எவ்வளவு நீட்டுகிறது? பழைய கோரின் தடிப்பு என்ன? புதுக் கோரின் தடிப்பிலிருந்து பழையதைக் கழித்தால் வருவதுதான் ஃபேன் பின்னால் நகரும் தூரம். நகர்ந்த பிறகும் புலிக்கும் மோட்டருக்கும் நடுவே ஒரு விரல் இடமாவது வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதை மறக்க வேண்டாம். ஹோஸ் வாய்களின் வெளி விட்டம், மூடிக் கழுத்து எந்தப் பக்கம், கீழ் ரப்பர் குமிழ்களின் இடைவெளி, மேல் பிராக்கெட் துளைகள் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து, விற்பவருக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் “ஓம் ஓம் பொருந்தும்” என்பது பதில் இல்லை.

4. வாங்குவது, கடதாசிகள், செலவு

வெளிநாட்டிலிருந்து கூரியரில் எடுப்பதானால் சுங்கம் கணக்குப் போடுவது பொருளின் விலைமேல் மட்டுமல்ல. விலை, அனுப்பும் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகைதான் அடிப்படை. அதன்மேல் தீர்வைகள், எல்லாவற்றுக்கும்மேல் 18 சதவீத வற் வரி. ரேடியேற்றருக்குரிய சுங்கக் குறியீடு 8708.91. ஓடர் போடுமுன் அந்த எண்ணைச் சொல்லி, கூரியர் நிறுவனத்தின் கிளியரிங் பிரிவில் இன்றைய வரி வீதத்தைக் கேளுங்கள். வீதங்கள் நம் நாட்டில் மழைபோல, முன்னறிவித்தல் குறைவு.

என்னிடம் கேட்ட கடதாசிகள்: விற்பனையாளரின் வணிகப் பட்டியல், பணம் செலுத்திய சான்று, தேசிய அடையாள அட்டைப் பிரதி, வரி செலுத்துநர் அடையாள எண், என் சார்பில் கிளியர் செய்யக் கூரியருக்கு ஓர் அதிகாரக் கடிதம். வரி எண் இல்லாதவர்கள் பொருள் வந்திறங்கிய பிறகு ஓடித் திரியாமல், ஓடர் போடும் கிழமையே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தில் பதிந்து எடுத்துவையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் களஞ்சியக் கட்டணம் ஏறும். விற்பவர் “விலையைக் குறைத்துப் போடவா?” என்று அன்பாகக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பட்டியலில் 60 டொலர் என்றும் வங்கிச் சீட்டில் 265 டொலர் என்றும் இருந்தால், அதை விளக்க வேண்டியவர் நீங்கள்.

என் கணக்கு, ஒளிவு மறைவில்லாமல்: ரேடியேற்றரும் அனுப்பும் கூலியும் ரூபா 112,500. வரியும் கிளியரிங்கும் 41,000. மேல் கீழ் ஹோஸ்கள் 9,500. தெர்மோஸ்டாட், காஸ்கெட் 6,800. மூடி 2,700. கூலன்ட் 12,000. அமுக்கச் சோதனை 1,500. கிளிப், ஸ்பொஞ்ச், சில்லறை 3,500. மொத்தம் 189,500. முதல் ரேடியேற்றரை 40,000க்கு விற்றேன், அந்த 28,000 நட்டத்தை இதில் சேர்க்கவில்லை. மனைவிக்குச் சொன்ன கணக்கு வேறு.

நாட்கள்: ஓடர் போட்டதிலிருந்து வீட்டு வாசலுக்கு வர 26 நாட்கள். பூட்டும் வேலை ஒரு முழுப் பகல். கூரை இல்லாத முற்றத்தில் வேலை செய்பவர் என்றால் வாடைக்காற்று மழைக்கு முன், ஒக்டோபருக்குள் முடித்துவிடுங்கள்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் எழுத ஒன்றுமில்லை. அதில் எஞ்சின் எண், செசி எண், நிறம் போன்றவைதான் உண்டு, ரேடியேற்றர் அதில் இல்லை. ஆனால் முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் பட்டியலின் பிரதியோடு ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள். முன்பக்க மோதலில் முதலில் போவது இந்தச் சாமான்தான். வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலமும் நெருங்கியிருந்தால், புகைப் பரிசோதனைக்கு முன்னரே ரேடியேற்றரை மாற்றுங்கள். வெயிலில் வரிசையில் ஊர்ந்துபோய், பிறகு நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை ஏற்றிப் பிடிப்பார்கள். காற்றோட்டமில்லாத அந்தச் சில நிமிடத்தில் நொந்த ரேடியேற்றர் காட்டிக்கொடுத்துவிடும்.

கொழும்பிலிருந்து பெட்டியை பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லாதீர்கள். என் முதல் ரேடியேற்றர் அப்படித்தான் வந்தது, மேலே யாரோ அரிசி மூட்டை வைத்து, ஒரு மூலை ஃபின் முழுக்க மடிந்து. பொறுப்பேற்க யாருமில்லை.

5. பெட்டி வந்ததும்

உடனே பூட்டாதீர்கள். முதலில் திறக்கும்போதே காணொளி எடுங்கள். உள்ளே சுத்தமான தண்ணீர் விட்டு, இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்கி ஊற்றுங்கள். வெல்டிங் தூளும் அலுமினியச் சீவலும் வரும். என்னுடையதில் ஐந்தாவது முறைதான் தண்ணீர் தெளிந்தது. அவை வாட்டர் பம்புக்குள் போக வேண்டியவை அல்ல.

அடுத்து அமுக்கச் சோதனை. ரேடியேற்றர் வேலை செய்யும் கடைகளில் வாய்களை அடைத்து, காற்று ஏற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்கள். நான் போனது காத்தான்குடியில் ஒரு காக்காவிடம், முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம். “தம்பி, புதுச் சாமானுக்கு எதுக்குகா டெஸ்ட்?” என்று சிரித்தபடிதான் முக்கினார். கீழ் வெல்டிங் ஓரத்தில், கடுகளவு குமிழி ஒன்று, ஐந்து விநாடிக்கு ஒருமுறை. சிரிப்பு நின்றது. அது நான் விற்ற அந்த முதல் ரேடியேற்றர். ஆர்கன் வெல்டிங் செய்து அடைத்த பிறகுதான் பூட்டிப் பார்த்தேன். பூட்டிய பிறகு தெரிந்திருந்தால் கூலன்ட், நாள், பொறுமை மூன்றும் போயிருக்கும்.

6. பழையதைக் கழற்றுதல்

எஞ்சின் முழுக்க ஆறட்டும். மூடியை அவசரத்தில் திறந்து முகம் வெந்தவர்களை நமது ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். நான் இரவு நிறுத்தி, காலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். வெயில் ஏறுமுன் பாதி வேலை முடிந்தது.

பற்றரியின் நெகடிவைக் கழற்றுங்கள். ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் வையுங்கள், ஜாக்கை நம்பிக் கீழே போகாதீர்கள். முன்பக்க அடித்தட்டைக் கழற்றி, போல்ட்டுகளை டப்பாவில் போடுங்கள். கீழே உள்ள வடிகால் திருகு பிளாஸ்டிக், வயதானது. கொறட்டால் பிடித்தால் தலை உடைந்து கையோடு வரும். கையால் திரும்பாவிட்டால் விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றி வடியுங்கள்.

வடியும் கூலன்ட்டை அளவு தெரிந்த வாளியில் பிடியுங்கள். இது முக்கியம், எட்டாவது படியில் இந்த எண் வேண்டும். வடிகானிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம், அதற்கு இனிப்புச் சுவை உண்டு, ஆடும் நாயும் நக்கும், நக்கினால் பிழைக்காது. மூடியுள்ள கானில் வைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் கராஜில் கேட்டுக் கொடுங்கள்.

ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், நீளவாக்கில் வெட்டிவிடுங்கள். எப்படியும் புதிதுதானே போடப் போகிறோம். ஃபேன் வயர் இணைப்புகளைக் கழற்றுமுன் கைபேசியில் படம். மேல் பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றினால் ரேடியேற்றர் மேலே வரும். ஏ.சி. கண்டென்சரின் பைப்பைத் தொட வேண்டாம். அது ஆடினால் கயிற்றால் பக்கத்தில் கட்டிவையுங்கள். காஸ் வெளியேறினால் செலவுப் பட்டியலில் இன்னொரு வரி.

7. புதியதைப் பூட்டுதல்

ஃபேன்களையும் கவரையும் வெளியிலேயே புது ரேடியேற்றரில் பூட்டிவிடுங்கள். கொம்பனி போல்ட்டையே பாவியுங்கள். கையில் கிடைத்த நீள போல்ட்டைப் போட்டு முறுக்கினால் அது மறுபக்கம் போய்க் கோரின் குழாயைக் குத்தும். சந்தேகமிருந்தால் துளைக்குள் ஒரு ஈர்க்கை விட்டு ஆழம் பாருங்கள். அலுமினிய நூலுக்கு மெதுவாக, கையால் தொடங்கி, பிறகு ஸ்பானர்.

கீழ் ரப்பர்கள் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். அலுமினியம் நேரடியாக இரும்பில் உட்கார்ந்தால் அதிர்விலும், கல்லடி நாவலடிப் பக்க உப்புக் காற்றிலும் அந்த இடம்தான் முதலில் தின்னப்படும். ஹோஸ் கிளிப்பை வாயின் விளிம்பு மேட்டுக்கு உட்பக்கமாக நிறுத்தி, ரப்பர் சற்றுப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

இப்போது நான் முன்பு சொன்ன அடித்தட்டு. கராஜ்களில் எண்ணெய் மாற்றும்போது கழற்றி, “இது தேவையில்லாத சாமான்” என்று மூலையில் போட்டுவிடுவார்கள். முன்பக்கத்தால் வரும் காற்றை ரேடியேற்றருக்குள் போக வைப்பதே அதுதான். அது இல்லாவிட்டால் காற்று கீழால் நழுவிவிடும். என் காரில் அது பாதி உடைந்திருந்தது. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்தேன். ரேடியேற்றரின் இரு பக்கமும், மேலும் உள்ள இடைவெளிகளைத் தடித்த ஸ்பொஞ்ச் கீற்றால் அடையுங்கள். 600 ரூபா வேலை. 68,000 ரூபா ரேடியேற்றர் தராத பலனை இது தந்தது.

பற்றரியைப் பூட்டி, அந்த டயக்னோசிஸ் பெட்டி வயரை மறுபடி இணைத்து ஃபேனை ஓடவிடுங்கள். காரின் முன்னால் நின்று ஒரு பத்திரிகைத் தாளைக் கிரில்லுக்கு நேரே பிடியுங்கள். தாள் உள்நோக்கி ஒட்ட வேண்டும். தள்ளினால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், ஃபேன் எதிர்ப்பக்கம் சுழல்கிறது.

8. கூலன்ட் ஊற்றுதல், காற்று எடுத்தல்

மட்டக்களப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். நம் கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. கேத்தலின் அடியில் படிவதுதான் எஞ்சினுக்குள்ளும் படியும், அலுமினியத்தை உப்பு அரிக்கும். பற்றரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்குங்கள்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம். ஜப்பான் கார்களுக்குரியது, சிலிக்கேட் இல்லாதது என்று போத்தலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டு வகையைக் கலக்க வேண்டாம். கலக்கத் தேவையில்லாத தயார்க் கலவையா, தண்ணீர் சேர்க்க வேண்டிய செறிவா என்பதையும் வாசியுங்கள், இதில் தவறியவர்கள் நிறைய. நமக்கு உறைபனிப் பயமில்லை. அதனால் பாதிக்குப் பாதி தேவையில்லை, கூலன்ட் கூடக் கூட வெப்பம் சுமக்கும் திறன் சற்றுக் குறையும். ஆனால் துரு தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. போத்தலில் சொல்லும் ஆகக்குறைந்த விகிதத்துக்குக் கீழே போகாதீர்கள். நான் 40க்கு 60 போட்டேன்.

1.6 எஞ்சினுக்கு மொத்தம் 6 லீற்றர் பிடிக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். முன்சக்கரங்கள் உயரமாக இருக்கட்டும், மூடிக் கழுத்துதான் ஆக உயர்ந்த இடமாக வேண்டும். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். மூடி இல்லாமலே ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை விடுங்கள். திறக்கும் கணம் தெரியும்: கழுத்தில் மட்டம் திடீரென்று இறங்கும், மேல் ஹோஸ் சுடும். மறுபடி நிரப்பி மூடுங்கள். வாளியில் பிடித்த அளவையும் ஊற்றிய அளவையும் ஒப்பிடுங்கள். ஒரு லீற்றர் குறைவாகத்தான் உள்ளே போயிருக்கிறது என்றால் எங்கோ காற்று இருக்கிறது, ஓட்டக் கிளம்பாதீர்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒருவர் அந்த ஆலோசனையைச் சொல்வார். எனக்குச் சொன்னவர் எதிர் வீட்டு அண்ணன், முப்பது வருடம் லொறி ஓட்டியவர். “நம்மட வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு மனே? கழட்டி எறி. மறுகா ஹீட்டே வராது.” அவர் லொறிக்கு அது நடந்திருக்கலாம். இந்த எஞ்சின் சூடேறாவிட்டால் கம்ப்யூட்டர் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்து பெற்றோலைக் கூட்டி ஊற்றும், எண்ணெய் மெலியும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமலே உள்ளே சுற்றி, உள்ளதும் கெடும். “சரியண்ணன்” என்று சொல்லிவிட்டு, புதியதைப் பூட்டினேன்.

9. ஓட்டிப் பார்த்தல்

முதல் நாள் வீட்டைச் சுற்றி மட்டும். ஃபேன் ஓடி நிற்பதைக் காதால் கேளுங்கள். டாஷ்போர்ட் முள்ளை முழுக்க நம்பாமல், வெப்பம் பார்க்கும் லேசர் துவக்கு ஒன்று இருந்தால் தெர்மோஸ்டாட் உறையில் பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் பிடியுங்கள்.

மறுநாள் காலை, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். எனக்கு அரை டம்ளர் பிடித்தது. பிறகு நண்பகல், ஏ.சி. போட்டு, அரசடியிலிருந்து கல்லடி வரை சனநெரிசலில் ஊருங்கள். அது தாங்கினால் கடைசிப் பரீட்சை செங்கலடி, மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம். நான் விடியற்காலை கிளம்பி, வேண்டுமென்றே பத்து மணி வெயிலில் ஏறினேன். டேப் ஒட்டிய இடத்தில் ஆகக் கூடியது 96. வரும் வழியில் மகாஓயாவில் அந்த மருத மரத்தடியில் நிறுத்தித் தேநீர் குடித்தேன், பொனற்றைத் திறக்காமல்.

10. ஒரு கிழமை கழித்து

எல்லாக் கிளிப்பையும் குளிர்ந்த நிலையில் இன்னொரு தடவை இறுக்குங்கள், புது ரப்பர் படியும். ஒரு மல்ரி மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரி நெகடிவிலும், சிவப்பு முனையைக் கழுத்துக்குள் கூலன்ட்டிலும் (உலோகத்தில் படாமல்) வைத்து, எஞ்சின் ஓடும்போது பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 0.3 தாண்டினால் எங்கோ எர்த் வயர் சரியில்லை, மின்சாரம் கூலன்ட் வழியாகப் போகிறது, அலுமினியம் உள்ளிருந்தே ஊசித் துளை விழும். கண்டவர்கள் கூலன்ட்டைத்தான் குறை சொல்வார்கள். என் காரில் எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டி பச்சை பூத்திருந்தது. 900 ரூபா.

மாதம் ஒருமுறை தோட்டக் குழாயால், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெல்லிய தண்ணீரில் உப்பையும் பதரையும் கழுவிவிடுங்கள். சேர்விஸ் நிலையத்துப் பிரஷர் கன்னைக் கிட்டே விடாதீர்கள், ஒரே வீச்சில் ஃபின் படுத்துவிடும்.

பொனற்றின் உட்பக்கத்தில் ஒரு டேப் ஒட்டி, திகதி, கூலன்ட்டின் பெயர், விகிதம் மூன்றையும் எழுதிவையுங்கள். காரை யாரிடமாவது விட்டுவிட்டு நீங்கள் ஊரில் இல்லாத நாளில், போத்தலில் பச்சைத் தண்ணி எடுத்து வருகிறவர் ஊற்றுமுன் அதை வாசிக்கட்டும்.